ஆறு வீட்டு வைஃபை

காசிராஜனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது நூற்றிருபது ரூபாய். வைஃபைக்கு என் பங்கு. தேவாரத்துக்கு மேற்கே, மலையடியில் இருக்கும் எங்கள் ஆறு வீட்டிலும் டவர் எடுக்காது. அவன் வீட்டுக்குக் கேபிள் இழுத்து மோடம் வைத்தான். எல்லோரும் பங்கு போட்டோம். நல்ல ஏற்பாடுதான், ஐயா. குறை சொல்ல மாட்டேன்.

அந்த மாதம் எனக்குக் காய்ச்சல். ஏலக்காட்டு வேலைக்குப் போகவில்லை, பங்கும் தரவில்லை. என் போனை மட்டும் நிறுத்திவிட்டான். கேட்டதற்கு, "பாக்கியக் கட்டுங்கண்ணே, நெட்டு தானா ஓடி வரும்" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாள் போடிமெட்டு வளைவில், ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு கவிழ்ந்தது. என் மனைவி அன்னக்கொடி அதில் இருந்தாள். கூடப் போனவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ஸப்பில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் ஆள் வந்து கதவைத் தட்டி, நான் போய்ச் சேர்ந்தபோது அவள்மேல் துணி போர்த்தியிருந்தது. "எங்க அவுக, இன்னும் வரலையா" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாளாம்.

சுடுகாட்டில் காசிராஜன் என் தோளில் கை வைத்தான். "அந்த நூத்தியிருவதை விட்ருங்கண்ணே. இனி கேக்க மாட்டேன்" என்றான். பெரிய மனசு.

அதற்குப் பிறகுதான் எழுத்துக் கற்றேன். பக்கத்து வீட்டுப் பொற்கொடி சொல்லிக்கொடுத்தாள். "இந்த வயசுல என்னத்துக்குப் பெரியப்பா, லவ் லெட்டரா?" என்று கேலி பேசினாள். பஸ்சில் ஊர்ப்பேர் படிக்க என்றேன். மோடத்தின் கணக்கைப் போனில் திறந்தால் எந்தப் போன் யாருடையது என்று பேர் வரும், வேண்டியதை நிறுத்தலாம். அதைப் படிக்கத்தான்.

படிக்க வந்ததும் என் வீட்டில் ஒரு மோடம் வைத்தேன். ஆறு வீட்டுக்கும் சும்மாவே கொடுத்தேன். காசிராஜன் தன் கனெக்‌ஷனை எடுத்துவிட்டான். சும்மா கிடைப்பதற்கு யார் காசு கட்டுவார்கள்?

எங்கள் பக்கம் யானை இறங்கும். வனத்துறை வாட்சர் ராமர் வாட்ஸப் குரூப்பில் பேசிப் போடுவான். காட்டுக்குக் கிளம்புமுன் எல்லோரும் அதைப் பார்ப்போம். ஒன்றும் வரவில்லை என்றால் தைரியமாகப் போகலாம். காசிராஜனுக்கு மலையோரம் மக்காச்சோளம். அவன் தண்ணீர் பாய்ச்சப் போகும் நாளெல்லாம் அவன் வீட்டுப் போன் இரண்டையும் முன்கூட்டியே நிறுத்திவைப்பேன். திரும்பி வந்ததும் திறந்துவிடுவேன். பல நாள் யானை வரவில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

போன செவ்வாய் காலையில் ராமர் குரல் வந்தது. "ஒத்தக் கொம்பன் சோளக்காட்டுல நிக்கிறான், யாரும் வந்துராதீக." மற்ற வீட்டார் அதற்கு முன்பே ஜீப்பேறிப் போயிருந்தார்கள். அன்று தண்ணீர் பாய்ச்சும் நாள், காசிராஜனுக்கோ இடுப்புப் பிடிப்பு. அவன் மனைவி மகாராணி மண்வெட்டியோடு வந்து என் வாசலில் நின்றாள்.

"மாமா, யானத் தகவல் ஏதும் வந்துச்சா? எம்போன்ல ஒண்ணையும் காணோம்."

"ஒம்போன்ல இல்லேன்னா இல்லதானே, தாயி."

"அதுவுஞ் சரிதான். வெரசாப் பாச்சிட்டு வந்துர்றேன். அடுப்புல காப்பி இருக்கு, அவுகளுக்கு ஊத்திக் குடுத்துருங்க மாமா. எந்திரிச்சாப் புள்ளையாட்டம் கத்துறாரு."

ஊற்றிக் கொடுத்தேன். அவன் பாதி குடிப்பதற்குள் காட்டுப் பக்கமிருந்து அலறல் கேட்டது.

ராமர் சொல்லியும் கேட்காமல் திமிராகப் போய் மிதிபட்டுச் செத்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அது அநியாயம். அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவள் போனைப் பார்த்தாள், என்னையும் கேட்டாள். தெரிந்தே அனுப்பியது நான். அவன் சாக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் வந்து நின்றபோது, இதுதான் சரியான அளவு என்று பட்டது.

உடம்பைத் தூக்கி வருவதற்குள் இரண்டு போனையும் திறந்துவிட்டேன். சொந்தபந்தத்துக்கு அவன் துக்கம் சொல்ல வேண்டாமா? ஈவு இரக்கம் இல்லாதவன் அதைச் செய்வானா, ஐயா?