குழாய்க்குள் இருந்த துணி

பாத்திரம் கழுவும் மெஷினில் தண்ணீர் தேங்கி நின்றால் முதலில் அடியில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும், சார். முக்கால்வாசி நேரம் அதிலேயே சரியாகிவிடும். எங்கள் வீட்டில் ஆகவில்லை.

என் மனைவியின் தம்பி பிளம்பர். சமையலறைக் குழாய்களை எல்லாம் அவன்தான் புதிதாக மாற்றினான். வேலை முடியும்வரை நாற்றம் வராமலிருக்க, திறந்த குழாய்வாயில் துணியைச் சுருட்டித் திணித்து வைப்பது அவன் வழக்கம். ஒன்றை எடுக்க மறந்து, அதன்மேலேயே மெஷினின் கழிவுக்குழாயை மாட்டிவிட்டுப் போய்விட்டான். மறுநாளே நான் கண்டுபிடித்தேன். வெளியே எடுத்தும் பார்த்தேன். பிறகு இருந்த இடத்திலேயே திணித்துக் கிளிப்பை இறுக்கினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பதினாறு வருடமாக, "என் தம்பி கை வச்சா வச்சதுதான்" என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "உங்களுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியுமா?" என்பாள், அதுவும் வந்தவர்கள் முன்னால். அவன் பல்லை இளிப்பான். அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை அவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

இரண்டு முறை வந்து பார்த்தான். மோட்டாரைத் திட்டினான், மெஷின் விற்ற கடைக்காரனைத் திட்டினான். தன் வேலையில் தப்பு இருக்கலாம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவேயில்லை. அவளும் என்னைத்தான் பிடித்தாள்.

"நீங்க எதையாவது நோண்டினீங்களா?"

மூன்றாவது முறை அவன் வந்தபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். மெயின் ஸ்விட்சை அணைத்தான். மெஷினை வெளியே இழுத்து, பின்தகட்டைக் கழற்றி, சிந்திய தண்ணீரிலேயே உட்கார்ந்து ஒயர்களுக்குள் கையை விட்டான்.

"மாமா, நான் சொல்ற வரைக்கும் மெயினைத் தொட்டுராதீங்க. உங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று சிரித்தான்.

நடைக்குப் போய் ஸ்விட்சை மேலே தள்ளினேன். அதற்குப் பெரிய தொழில் ஞானம் தேவையில்லை. அவன் சத்தம்கூடப் போடவில்லை. கேஸைப் பற்றவைத்து டீ போட்டுக் குடித்தேன், பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அணைக்க மறந்துவிட்டான் போல என்றேன். எல்லாரும் நம்பினார்கள்.

மூன்று வாரம் போயிற்று. எலெக்ட்ரீஷியன் வந்து மெஷினைச் சோதித்து மூடிவிட்டுப் போனார். தண்ணீர் மட்டும் வடியவில்லை. அவள் தொட்டியில் கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுவாள். எனக்குப் பாவமாக இருந்தது. "தள்ளு" என்றேன். வடிகட்டியைக்கூடத் தொடவில்லை, சார். நேராகக் கிளிப்பைக் கழற்றி, விரலை விட்டுத் துணியை உருவினேன். இரண்டே நிமிடம். தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

அவள் என் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அப்புறம்தான் உங்களுக்குப் போன் போட்டாள்.

நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், சார். மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறதா, இல்லையா?