ஓரகத்தி வேண்டாமென்ற வீடு

மாரியம்மன் கோயிலுக்குப் போகக் கணபதி ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் படபடவென்று சொன்னார்: "செவுத்துக்கு டாக்டரைக் கூட்டியாந்தாளுங்க்கா, எங்க ஓரகத்தி!"

"செவுத்துக்கா?"

"ஊடு வாங்கறதுக்கு முன்னால சோதிக்கற இன்ஜினியருங்க. மிஷினை வெச்சுப் பாத்துட்டு, உள்ள ஓதம்னாரு. அவ வேண்டாம்னுட்டா. பெரிய இவளாட்டப் பேசறான்னு அதே ஊட்டை நாங்க வாங்கிப்போட்டோம். இப்ப சாமி ரூம் செவுரே நனையுது. நாளைக்கு எங்க ஊட்டைப் பாக்க அவ வாராளாம்!"

"வாங்கறப்ப ஆத்தாகிட்டப் பூ கேக்கலையா அம்மணி?"

"கேட்டனுங்க. வெள்ளைப்பூ வந்துச்சு, உத்தரவு கொடுத்துட்டா."

"என்னன்னு கேட்டே?"

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"அவளுக்கு முந்தி எனக்கு ஊடு அமையுமான்னுதானுங்க கேட்டேன்."