நூல் கட்டின காய்

— அப்பிடித் தடவினால் கிருமி தண்ணியில இறங்காது, பஞ்சாலை. நல்லாப் பிசை. மஞ்சள் புள்ளி விழுந்த இலை முழுக்கக் கூழாகோணும்.

— பிசையறேங்கய்யா.

— உனக்கு இண்டைக்கு என்ன? மூண்டுதரம் கூப்பிட்டாத்தான் ஒருதரம் காதில விழுகுது.

— காலைல ஸ்டேசன் வாசல்ல நிக்க வச்சிட்டாங்கய்யா. லயத்துச் சனமே போச்சு. வெயில்ல நின்னது.

— பிணம் பாக்கவோ?

— ஆமாங்க. காட்டுலேருந்து தூக்கியாந்து கித்தான் மேல போட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தரா கிட்ட போயி மூஞ்சப் பாக்கணும். தெரியும், தெரியாதுன்னு சொல்லிட்டு நவுந்துக்கணும்.

— நீ என்ன சொன்னனீ?

— தெரியாதுன்னேன். எல்லாரும் அதான் சொன்னாங்க. போன மாசம் நம்ம ராக்கம்மா, தம்பி கெடக்கறதப் பாத்துட்டு வாய்விட்டு அழுதுட்டால்ல? அன்னிக்கே காட்டுக்காரக் கம்யூனிஸ்டோட சொந்தம்னு குடும்பத்தோட லாரில ஏத்திட்டாங்க. புருசன், புள்ளைங்க, மாமியாக் கெழவி, எல்லாத்தையும். கேம்ப்புல வச்சிருந்து கப்பல் ஏத்திடுவாங்களாம் லா. இந்தியால அவளுக்கு யாரு இருக்கா? இங்கயே பொறந்தவ.

— சரி, சரி, அந்தக் கதை வேண்டாம். கேட்டியோ, நான் நல்ல சேதியோட வந்திருக்கிறன். முதல் அதைத் துணியில வடி.

— வடிச்சுட்டு இன்னிக்கே தெளிச்சுடவாய்யா?

— பொழுது சாயத் தெளி. இலை ஈரமாக் கிடந்தாத்தான் நோய் பிடிக்கும்.

— வளத்து உடறதும் நாமதான். நோயக் குடுக்கறதும் நாமதான்.

— வேற வழியில்லை. சாகிறது சாகட்டும். இதையும் தாங்கிக்கொண்டு நிக்குதே ஒண்டு, அதின்ர விதைதான் எங்களுக்கு வேணும். பழைய தோட்டத்தில ஒரு கொடி நிண்டது ஞாபகமிருக்கோ? சுத்திவரப் பயித்தங்காயெல்லாம் கருகி விழ, அது மட்டும் பச்சைப் பசேல் எண்டு?

— இருக்குங்க. ஊரச் சுத்தின முள்வேலிக்கு அந்தாண்ட இருந்திச்சு. காட்டுக்காரனுக்குத் தீனியாவுதுன்னு பட்டாளத்தான் வெட்டிப்போட்டான்.

— அதுவும் காய் முத்தி வாற நேரமாப் பாத்து! ஒரு நாள் பொறுங்கோ எண்டு சிரம்பான் கந்தோருக்கு ஓடி எழுத்து வாங்கிக்கொண்டு வாறன், இங்க கொடியும் இல்லை, காயும் இல்லை. எல்லாம் நாசமாப் போச்சுது எண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தன். இப்ப இதைப் பார்.

— என்னங்கய்யா அது? சிகரெட் டின்னு?

— பிடி. திறந்து பாரன்.

— கையெல்லாம் நோய்த்தண்ணியா இருக்குங்க.

— ஓமோம், தொடாத! நானே காட்டுறன். பாத்தியோ? காம்பில சிவப்பு நூல், விதைக்கெண்டு அடையாளம் கட்டினது. எங்கட காய், பஞ்சாலை! காயவச்சு, சாம்பல் போட்டு, மூடியைச் சுத்தி மெழுகும் ஊத்திக் கிடந்தது. ஒரு பூச்சி இல்லை.

— எங்கேருந்து வந்துச்சு?

— அந்தச் செத்தவன்ர பையுக்குள்ள இருந்ததாம். இன்ஸ்பெக்டர் ஆளனுப்பினார். "மிஸ்டர் மகாலிங்கம், விவசாய இலாகாக்காரர் நீங்கதான் சொல்லோணும், இது என்ன? கம்யூனிஸ்டுகளின்ர ஏதும் ரகசிய அடையாளமோ?" எண்டு கேக்கிறார். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலேல்லை.

— நீங்க பொணத்தப் பாத்தீங்களா?

— சீச்சீ, எனக்கு அதெல்லாம் ஏலாது. நான் மற்றப் பக்கத்தால உள்ள போனனான். ஆள் எலும்பும் தோலுமாம். வயித்துக்குள்ள காட்டுக்கிழங்குத் தோல்தானாம், ஆஸ்பத்திரி டிரசர் சொன்னார். அப்பிடிப் பசியில கிடந்தவன் இதை ஏன் அவிச்சுத் தின்னேல்லை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.

— நூல் கட்டின காயத் திங்கக்கூடாதுல்ல.

— அது எங்கட தோட்டத்துச் சட்டம். வெட்டின அண்டைக்குக் களவெடுத்துக்கொண்டு ஓடினவனுக்கு அது என்னெண்டு தெரியும்?

— தெரியாதுங்கய்யா.

— காணும், காணும். துணியில ஒண்டும் இல்லை, இன்னும் முறுக்கிக்கொண்டு நிக்கிறாய்.

— சரிங்கய்யா.

— உனக்குச் சந்தோசமில்லையோ? இது உன்ர மகன் கட்டின நூல். சன்னாசியின்ர முடிச்சு எனக்குத் தெரியாதே? விடியக்காலமை பூ விரியமுந்தி வந்து, மூச்சையும் பிடிச்சுக்கொண்டெல்லோ கட்டுவான்.

— எனக்கு ஒண்ணும் தோணலய்யா. சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல. காலைலேருந்து ஒடம்பு மரத்துக் கெடக்குது. கிள்ளிப் பாத்தேன், வலிக்கல.

— வெயில் அடிச்சிருக்கும். மோர் குடி. கேட்டியோ, நான் அவனைத் திருப்பிக் கூப்பிடப்போறன். சிங்கப்பூர்த் துறைமுகத்தில மூட்டை சுமக்கிறதுக்கோ அவன்ர கை? இந்த விதையை நடேக்க அவன் பக்கத்தில நிக்கோணும். நிரந்தர வேலைக்கு நானே எழுதுறன். விலாசத்தைத் தா.

— வேணாங்க.

— என்ன வேணாம்?

— அவன் வரமாட்டாங்கய்யா.

— கடிதம் போட்டாத்தானே தெரியும்! விலாசம் இல்லாட்டிப் பரவாயில்லை. சிங்கப்பூர்ப் பொலிசில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார், தேடிப் பிடிச்சிடலாம்.

— போலீசுல விசாரிக்காதீங்க! ஒங்களக் கும்புடறேங்கய்யா.

— என்ன இது, காலில விழுந்துகொண்டு? எழும்பு! எழும்பு எண்டுறன்.

— அவன் சிங்கப்பூருக்குப் போகலைங்க. பட்டாளம் வெட்டப் போறான்னதும், அய்யா வர்ற வரைக்கும் காயி நிக்காதும்மான்னு சொல்லிட்டு வேலியத் தாண்டி ஓடினான். பறிச்சு முடிக்கங்காட்டியும் ஊரடங்கு மணி அடிச்சிருச்சு, கேட்ட மூடிட்டாங்க. கையில தீனியோட வெளிய நின்னா சுடுவானே. காயப் போட்டுட்டு வர அவனுக்கு மனசில்ல. காட்டுப் பக்கம் ஓடிட்டான்.

— இதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?

— அவன்தான். ஒரு தடவ ரப்பர் நெரையில பால்மரம் சீவறப்ப வந்தான். காட்டுக்குள்ள போனவன அவங்க வெளிய விடமாட்டேங்கறாங்கம்மான்னு அழுதான். தூக்கிப் போட்டுட்டு வாடான்னேன். அய்யாகிட்ட எப்பிடியாச்சும் சேத்துட்டு வந்தர்றேன்னான்.

— பிறகு காணேல்லையோ?

— இன்னிக்குத்தான் பாத்தேன். கித்தான் மேல.

— ஐயோ... பஞ்சாலை!

— பெத்த புள்ளையப் பாத்து, தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தேன். லயமே பாத்துச்சு, அவன் யாருன்னு அத்தன பேருக்கும் தெரியும். ஒருத்தர் வாயத் தொறக்கல. பக்கத்து வீட்டு அங்கம்மா மட்டும் எங்கையப் புடிச்சு நவுத்திவிட்டா. நான் அழுதிருந்தா எங்க செல்லத்தையும்ல லாரில ஏத்துவான்? வயசுக்கு வந்த பொண்ணு, கேம்ப்புல கொண்டுபோயி எப்பிடி வச்சிருப்பேன்?

— ஒருத்தரும் சொல்லேல்லையோ... ஒருத்தரும்?

— ஒருத்தரும் சொல்லலய்யா. போலீசு மாத்தாக்காரனுக்கு அவன் பேரு தெரியாது. தெரியாத மட்டும் நானும் என் மவளும் இங்கயே கெடப்போம். நீங்களும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க.

— பஞ்சாலை... செல்லம் இப்ப எங்க?

— சோத்துக் கொட்டாயில வரிசைல நிக்கிறா. ஏங்கய்யா டின்ன இப்பிடி அவசரமா மூடறீங்க? விதை சிந்திடப்போவுது.

— அது என்ன சத்தம்?

— ஸ்டேசன் லாரிங்க. கொட்டாயத் தாண்டி இந்தப் பக்கமா திரும்புது. இங்க அவங்களுக்கு என்னய்யா வேல?

— இன்ஸ்பெக்டர் இந்தக் காயைச் சும்மா தரேல்லை, பஞ்சாலை. இந்த நூல் கட்டினது ஆர் எண்டு கேட்டார்... நான் பெருமையா அவன்ர பேரைச் சொல்லி, தாய் இப்பவும் என்னோடதான் வேலை செய்யிறாள் எண்டும் சொல்லிப்போட்டு வந்தனான்.