பத்து எண்ணுவதற்குள் படிக்க வேண்டுமா?

சாமையை அரிசியாக்கி, அரிசியைச் சந்தைக்கு அனுப்பி, இன்று இந்தச் சபைக்கும் தலைமை ஏற்றிருக்கும் மகளிர் குழுத் தலைவி பெரியநாயகி அம்மையார் அவர்களே, கல்வராயன் மலையிறங்கி வந்திருக்கும் சொந்தங்களே, கச்சிராயபாளையத்துப் பெரியோர்களே, பந்தல் நிழலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்கும் தாய்மார்களே, எழுத்தும் கணினியும் எனக்குக் கற்றுத் தந்த ஆசிரியை மணிமொழி அவர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட என் மைத்துனர் சடையன் அவர்களே, அனைவருக்கும் காத்தானின் கனிவான வணக்கம்.

இந்தப் பேச்சை நானே எழுதி வந்திருக்கிறேன். மெதுவாகத்தான் படிப்பேன். அவசரம் உள்ளவர்கள் கோமுகி அணையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம், நான் இங்கேயேதான் இருப்பேன்.

நம் படிப்பகத்தில் இருப்பது ஒரே கணினி. அது மகளிர் குழுவுக்குச் சொந்தம். குழுவின் கணக்குப் போடும் நிரல் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். முதியோர் வகுப்பில் படிக்கும் எங்களுக்கோ, திரையெல்லாம் தமிழாகத் தெரியும்படி ஆசிரியை அமைத்துத் தரும் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் வேண்டும். பெட்டி ஒன்று, பிடிவாதம் இரண்டு. என்ன செய்வது?

"உங்க தமிழுக்காக எங்க கணக்க அழிக்கணுமா? நல்லா கீது நாயம்," என்றார் தலைவி.

"அழிக்க வேணாங்க அக்கா. ஹார்டு டிஸ்க்கைப் பாகம் பிரிச்சிடலாம்," என்றார் ஆசிரியை.

பாகம் பிரிப்பதா? அதை நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்? வரப்பு போட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? வாய்க்காலுக்காக வாதாடியவர்கள் அல்லவா நாம்? உடனே சடையன் எழுந்தார்.

"ஏம்மா டீச்சர், அதுல கெழக்குப் பக்கம் எது? மேட்டுப் பாகம் யாருக்கு?"

"ஐயா, அதுல தெசையே கெடையாதுங்க."

"தெசை இல்லாத நெலத்துல கல்ல எங்கம்மா நடுவ?"

சிரிக்காதீர்கள். நானும் அதைத்தான் கேட்க இருந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

உழுவதற்கு முன் விதைச் சாமையை வேறு குதிருக்கு மாற்றுவோமே, அதுபோல ஆசிரியை குழுவின் கணக்கையெல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தார். பிறகு பிரித்தார். விண்டோஸுக்கு ஒரு பாகம், லினக்ஸுக்கு ஒரு பாகம், படமும் கடிதமும் போட்டு வைக்க இருவருக்கும் பொதுவாக ஒரு பாகம். பங்காளிகள் நடுவே பொதுக் கிணறு மாதிரி. ஒரு கணக்கும் அழியவில்லை, ஒரு கைகலப்பும் இல்லை.

சண்டை தீர்ந்தது. என் சங்கடம் தொடங்கியது.

பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் இரண்டு பெயர்கள். மேலே விண்டோஸ், கீழே லினக்ஸ். அடியில் ஓர் எண் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கும். அதற்குள் நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுவே விண்டோஸுக்குள் போய்விடும். பெட்டிக்குச் சொந்தக்காரர் மகளிர் குழு, ஆகவே அந்த ஏற்பாடு நியாயமே.

ஆனால் நான்? தமிழ் எழுத்தே போன ஆடியில்தான் எனக்குப் பிடிபட்டது. ஆங்கில எழுத்து இன்னும் வாசலில் நிற்கும் விருந்தாளி. மேல் பெயரில் மூன்றாம் எழுத்தைத் தொடுவதற்குள் திரை மாறிவிடும். அணைப்பேன், போடுவேன், எழுத்துக் கூட்டுவேன், கோட்டை விடுவேன்.

"இன்னா மாமா, பஸ் பூட்ச்சா?" என்றார் சடையன். "கீழ கீறதுதான் உன்னுது. அம்புக்குறியத் தட்டிட்டுப் போய்க்கினே இரு. படிக்கவே வேணாம்."

படிக்கவே வேண்டாமாம். அவையோரே, அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. வண்டியின் நிறம் பார்த்து ஏறியவன் நான். ஓட்டுநர் முகம் பார்த்து ஏறியவன் நான். உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் பலகையைப் படிக்கத் துணிந்து, படிப்பதற்குள் வண்டி கிளம்பி, புகையை மட்டும் பிடித்து நின்றவன் நான். படிக்காமல் தட்டுவதற்கா இந்த வயதில் சிலேட்டுப் பலகை பிடித்தேன்? படிக்கும் முன் எதையும் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆசிரியை யோசித்தார். "எண்ணாம நில்லுன்னு சொன்னா அது நிக்குங்க. ஆனா அப்புறம் தானா விண்டோஸ் வராது. குழுக்காரங்களும் தெனமும் ஒரு பொத்தான அழுத்தணும். அவுங்க ஒத்துக்கணுமே."

நான் தலைவியைப் பார்த்தேன். வேலை நேரத்தில் ஒரு நொடியும் வீணாக்காத மனுஷி. திட்டுவார் என்றே நினைத்தேன்.

"ஒரு பொத்தான் அழுத்தினா எங்க கை இன்னா தேஞ்சா பூடும்? அண்ணன் படிச்சி முடிக்கட்டும். அது வரைக்கும் நிக்கட்டும் அது," என்றார்.

நின்றது. எண் மறைந்தது. இரண்டு பெயர் மட்டும் இருந்தது. மேல் பெயரை முழுதாகப் படித்தேன், வேண்டாமென்று விட்டேன். கீழ்ப் பெயரைக் கூட்டினேன். எல், ஐ, என், யு, எக்ஸ். சடையன் கொட்டாவி விட்டார். பெட்டி கொட்டாவி விடவில்லை. என் விரலால் அழுத்தினேன். திரை முழுக்கத் தமிழ் வந்தது. இந்தப் பேச்சும் அங்கேதான் எழுதப்பட்டது.

ஆகவே கேட்கிறேன். உயிரில்லாத பெட்டியே ஒருவன் படித்து முடிக்கக் காத்திருக்கும்போது, பஸ் காத்திருக்கக் கூடாதா? வங்கி சன்னல் காத்திருக்கக் கூடாதா? கையெழுத்து போடும் கைக்குப் பின்னால் நிற்கும் வரிசை, ஒரு மூச்சு காத்திருக்கக் கூடாதா?

நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிறார்கள். தலைவி அம்மா, அந்த மணியையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. கடைசி வரியை இன்னும் கூட்டிக்கினு இருக்கேன்.

ந, ன், றி. நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.