சரணின் விரல் வாடை

எனக்குச் சிகரெட் வாடையே பிடிக்காது. புகையை வாயில் வைத்திருந்து வெளியே விட்டுவிடுவேன். நெஞ்சுக்குள் இழுத்ததில்லை. இழுத்தவன் சரண்தான்.

இருவருக்கும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அடுக்குமாடி, பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்தில் ஒரே வகுப்பு. கோவில் பண்ணிசைப் போட்டியில் நான்கு வருடமாக அவன் முதல், நான் இரண்டாவது. நான் தினமும் விடியற்காலையில் எழுந்து பாடிப் பழகுவேன். அவன் எழுந்திருக்கவே மாட்டான். மேடையேறி வாயைத் திறந்தால் போதும், என் அம்மாகூடக் கண்ணை மூடிக்கொள்வார். நான் பாடும்போது மூடியதில்லை.

முதல் சிகரெட்டை நான்தான் கொடுத்தேன். அவனுக்கு ஆஸ்துமா என்று எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்தவில்லை. "பயமா இருந்தா வேணாம்லா, போய்ப் பால் குடி" என்று மட்டும் சொன்னேன். இன்ஹேலரைப் பால்புட்டி என்பேன். பிறகு அதை அவன் வெளியே எடுத்துவருவதில்லை.

சில மாதங்களில் இருமல் வந்தது. அவன் அம்மா குணபூசணி ஆன்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குகன், மறைக்காமல் சொல்லும். இவன் சிகரெட் பிடிக்கிறானோ?"

"சேச்சே, என்ன ஆன்டி. சாம்பிராணிப் புகைதான் ஒத்துக்கல போல."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாம்பிராணி போடவில்லை. என் பேச்சுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

போன சனிக்கிழமை பிற்பகல், கடைகளுக்குப் பின்புறச் சந்தில் உட்கார்ந்திருந்தோம்.

"மச்சான், இதுதாண்டா கடைசி. போட்டிக்கு ஒரு மாசம்தான் இருக்கு, விட்டுடப் போறேன்."

"விட்டுட்டு அதையும் நீயே ஜெயிச்சுக்கோ" என்றேன்.

சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. மூச்சு உள்ளே போகாமல் விசில் மாதிரிச் சத்தம் வந்தது. கூப்பிடச் சொல்லி என் கைப்பேசியை நோக்கி விரலை நீட்டினான்.

முதலில் சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கடையில் போட்டேன். அவன் விரல்களில் மருந்தெண்ணெய் தேய்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்தேன். புதினா மிட்டாய் ஒன்றை வாயில் வைத்தேன். வீட்டுக்குப் போகுமுன் நாங்கள் எப்போதும் செய்வதுதான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆன்டிக்கு வாடை தெரிந்தால் அவனுக்குத்தானே அவமானம். பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

அவர்களுடைய யாழ்ப்பாணத்து வழக்கப்படி, சரணின் இறுதிச் சடங்கில் உரலில் சுண்ணம் என்ற வாசனைப் பொடியை இடிக்கும்போது ஒருவர் பாட வேண்டும். ஆன்டி என்னைப் பாடச் சொன்னார். எங்கும் பிசகாமல் பாடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவன் உயிரோடு இருந்து போட்டிக்கு வந்திருந்தாலும் இந்த வருடம் நான்தான் ஜெயித்திருப்பேன். அதைக் காட்ட முடியாமல் போய்விட்டதே என்றுதான்.