பின்சீட்டில் அத்தை

காரை ஓட்டுகிறவருக்கு வாந்தி வராது. நீங்களும் கவனித்திருப்பீர்கள், சார். கையில் ஸ்டியரிங் இருக்கும்வரை வயிறு சமர்த்தாக இருக்கும். பின்னால் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவருக்குத்தான் உலகமே கிறுகிறுக்கும். நான் செய்ததெல்லாம் இந்தச் சின்ன விஷயத்தை வைத்துத்தான்.

எங்கள் கம்பெனிக் காரை வாங்குகிறவர் அதை ஓட்டுவதில்லை. டிரைவர் ஓட்ட, முதலாளி பின்சீட்டில் சாய்ந்திருப்பார். ஆனால் காரைச் செய்கிற எஞ்சினியர்கள் முன்சீட்டுக்கு அடித்துக்கொள்கிற ஆட்கள். பின்னால் உட்காரச் சொன்னால் மானம் போய்விடும். என் மனைவியும் அப்படித்தான். மின்சாரக் கார்ப் பிரிவுக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். பெட்ரோல் எஞ்சினே கதியென்று கிடந்த என்னை அவளுக்குக் கீழே போட்டார்கள். அன்றைக்கு வீட்டில் கேக் வெட்டினோம். எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டியது நான்தான்.

நேற்று முளைத்த கம்பெனியெல்லாம் மின்சாரக் காரை விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது. கோடீஸ்வரர்களுக்குக் கார் செய்யும் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். இவளுடைய கார் வந்தால் எல்லார் வாயையும் அடைத்துவிடலாம். அவ்வளவு அருமையான கார், பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான் என்றாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் பேட்டரியைப் பற்றிப் பேசுவாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கமாட்டாள். அந்தக் கார் ஒழிந்தால் என் பெண்டாட்டி எனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்று நினைத்தேன். ஆசைப்பட்டது தப்பா, சொல்லுங்கள்.

மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே காரை இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு இழுக்கலாம் என்று முடிவு செய்வது என் வேலை. இழுப்பைத் துளி கூட்டி, விட்டு விட்டுப் பிடிக்க வைத்தால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் இருப்பவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அந்த அளவைப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. வீட்டிலேயே அத்தை இருந்தார், என் மாமியார்.

தங்கமான மனுஷி. என்மேல் உயிரையே வைத்திருந்தார். "மாப்பிள்ளை, காத்தாட ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோமா?" என்று அவரே கேட்பார். சோதனைக் காரின் பின்சீட்டில் மகாராணி மாதிரி உட்காரவைத்துக் கிளம்புவேன். முதலில் ஏப்பம் வந்தது, அப்புறம் வியர்வை. நான் அளவை மாற்ற மாற்ற அவர் முகம் வெளுப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

போகப் போக, இறங்கி வந்த பிறகும் அவருக்குத் தலைசுற்றல் நிற்கவில்லை. பெரிய நோய் வந்துவிட்டதென்று பயந்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. பாவம், கார் வேலையில கெடக்கா," என்றார். வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன். டாக்டரிடமும் நானே கூட்டிப்போனேன், அதே காரில்.

அத்தை காரில் சாகவில்லை. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ரவுண்டு முடிந்து வந்து, குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். கார் அப்போது வாசலில் சும்மாதான் நின்றது. அவருக்குத் தலைசுற்றல் நோய் இருந்தது, காற்றாடக் காரில் கூட்டிப்போவேன் என்று அப்புறம்தான் மனைவியிடம் சொன்னேன். அளவு கச்சிதமாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

கொஞ்ச நாளில், அதே அளவு வைத்த காரின் பின்சீட்டில் எங்கள் சேர்மனும் ஒரு பெரிய வாடிக்கையாளரும் ஏறினார்கள். ஓட்டியது நான். ஊரைத் தாண்டுவதற்குள் சேர்மன் காலைச் சாப்பாட்டை வாடிக்கையாளரின் மடியில் கொட்டினார். அவரும் பதில் மரியாதை செய்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கார்த் திட்டத்தையே மூலையில் போட்டார்கள், என் மனைவியை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஆசைப்பட்டபடியே அவள் எனக்குக் கிடைத்தாள்.

ஆனால் தன் கார் ஏன் தோற்றது என்று அவளுக்கு மண்டை குடைந்தது. சோதனைக் காரை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. "என்னங்க, நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்," என்றாள். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு நோயே இல்ல, அப்படித்தானே?"

"இல்ல," என்றேன். அவளிடம் நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

புகாரில் இருப்பது அவள் கையெழுத்து என்கிறீர்கள். கோபத்தில் போட்டிருப்பாள், சரியாகிவிடும். ஆமாம் சார், காரைக் கெடுத்ததும் நான்தான், அத்தையைக் கொன்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. அவள் வெளியே எனக்காகக் காத்திருப்பாள், வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.